மணிக்கு முப்பது டாலர்... முதுகு வலி இலவசம்!

விடியற்காலை ஐந்தே கால். கும்மிருட்டு. ஒரு பழைய வேனுக்குள் பதினோரு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் வலது பக்கம் ஒரு ஜெர்மன்காரன். அவன் அப்பா டாக்டர். இடது பக்கம் ஒரு கொரியப் பெண். தூங்கிக்கொண்டே சாண்ட்விச் சாப்பிடுகிறாள். (அது எப்படி முடிகிறது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.) எல்லோர் இடுப்பிலும் ஆளுக்கொரு கத்தி.

கொள்ளைக்கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், சார். சுக்கினி பறிக்கப் போகிறோம்!

இடம்: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனிலிருந்து ரயிலில் நாலரை மணி நேரம் வடக்கே போனால் வரும் பண்டபெர்க். வருஷம்: 2025, மே மாதம். அதற்கு இரண்டு மாதம் முன்பு வரை நான் கிண்டியில் ஏ.ஸி. அறைக்குள் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பேப்பர்களில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவன். வயது 27. அதுவரை என் உடம்பில் அதிகம் வேலை செய்த உறுப்பு, மவுஸ் பிடிக்கும் ஆள்காட்டி விரல்.

அந்த விசா கதையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு இளைஞர்கள் வந்து ஒரு வருஷம் ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்திரேலியாக்காரர்கள் 1975-லேயே ஒரு ஏற்பாடு செய்தார்கள். அப்போது அது இங்கிலாந்து, அயர்லாந்து, கனடாக்காரர்களுக்கு மட்டும். அந்த மாதிரி ஒரு கதவு நமக்குத் திறக்க 2024 ஆகிவிட்டது. அதுவும் 18 வயதிலிருந்து 30 வரை உள்ளவர்களுக்கு. வருஷத்துக்கு 1,000 பேர். அந்த ஆயிரம் பேரும் குலுக்கலில்! அக்டோபர் மாதம் 25 டாலர் கட்டிப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் கொடுத்துவிட்டார்கள். அதில் நானும் ஒருத்தன்.

ஏலச்சீட்டுக் குலுக்கலில் ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட விழாத ராசி எனக்கு. அதனால் மெயில் வந்தபோது, வழக்கம்போல நைஜீரியா லாட்டரி ஆசாமிதான் என்று நினைத்து டெலீட் பண்ணப் போனேன். பக்கத்து சீட்காரர்தான் தடுத்தார். புண்ணியவான்.

கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலராவது இருக்கிறது என்று காட்ட வேண்டும். நாலு வருஷச் சேமிப்பும் நண்பன் கொடுத்த கைமாற்றுமாக அதைத் தேற்றினேன். கஷ்டமாக இருந்தது அது அல்ல. வீட்டில் சொல்வதுதான்.

எங்களுக்கு விழுப்புரம் பக்கத்தில் நாலு ஏக்கர். கரும்பு, மல்லாட்டை (அதாங்க, நிலக்கடலை), ஓரமாகக் கொஞ்சம் வள்ளிக்கிழங்கு. ஸ்கூல் லீவில் ஆசையாகக் களைக்கொட்டைத் தூக்கிக்கொண்டு கழனியில் இறங்கினால் அப்பா வரப்பிலிருந்தே கத்துவார். "ஏறுடா மேல! நீ குனியக் கூடாதுன்னுதான்டா நான் குனிஞ்சிட்டுக் கெடக்கறேன்!" அந்த ஒரு வார்த்தையில்தான் நான் பி.காம். முடித்தேன், கிண்டிக்குப் போனேன், டை கட்டினேன்.

அவரிடம் போய், "அப்பா, நான் ஏரோப்ளேன் ஏறிப்போய் அடுத்தவன் கழனியில் குனியப் போகிறேன்" என்று எப்படிச் சொல்வது?

"ஒரு காய்கறிக் கம்பெனியில வேலைப்பா" என்றேன். பொய் இல்லையே! அம்மா அதைத் தெருவில் சொல்லும்போது "எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர்" ஆகியிருந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

* * *

சுக்கினி என்பது வெள்ளரிக்காய்க்குப் பெரியப்பா பையன் மாதிரி. இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும். இலையும் காம்பும் சுணை. முழுக்கைச் சட்டை, கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கொண்டாலும் மணிக்கட்டுக்கும் கிளவுஸுக்கும் நடுவே இருக்கும் ஒரு அங்குல இடத்தைக் கண்டுபிடித்துக் கீறிவிடும். முன்னால் டிராக்டர் மெதுவாக உருண்டு போகும். பின்னால் நாம் குனிந்தபடியே நடந்து, ஒரு சாண் நீளக் காயாகப் பார்த்து வெட்டி அதன் மேல் போட வேண்டும். டிராக்டர் நிற்காது. நாம்தான் ஓட வேண்டும்.

ராட்சசக் காய் அது. இன்றைக்குக் கண்ணில் படாமல் விட்டால் நாளைக்குக் கை நீளம் ஆகிவிடும். கடைக்காரன் எடுக்க மாட்டான். வெட்டித் தரையில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் பாதி வரிசைக்குள் நான் அப்படி எறிந்தது ஒரு கல்யாண சாம்பாருக்குக் காணும். அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்ற நினைப்பு வந்தது. உடனே அதையும் வெட்டிப் போட்டேன்.

அன்று மாலை ஷூவைக் கழற்றக் குனிய முடியவில்லை. ஷூவோடு தூங்கினேன்.

மறுநாள் என் பக்கத்து வரிசையில் இருந்த வனுவாட்டு தீவுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பசிபிக் தீவுகளிலிருந்து தனி ஏற்பாட்டில் ஒப்பந்தத்துக்கு வருகிறவர்கள் அவர்கள். எங்களைப் போல இரண்டு மடங்கு பறிப்பார்கள். "முதுகை மடக்காதே, முழங்காலை மடக்கு" என்று செய்து காட்டினார். அந்த ஒரு வித்தையில்தான் நான் பிழைத்தேன். மத்தியானம் தண்ணீர் குடிக்கும்போது, "படித்தவனாமே, ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்டார். ஊர் சுற்றிப் பார்க்க என்றேன். அவர் சிரித்தார். அவருக்கு ஊரில் மூன்று குழந்தைகள். எனக்குப் பிடிக்காவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகலாம். அவரால் அப்படி நினைத்தபோது முதலாளியை மாற்ற முடியாது.

ஊர் முழுக்கக் கரும்பு. அந்தக் கரும்புக்கு ஒரு கதை உண்டு. 1863-லிருந்து 1904 வரை குயின்ஸ்லாந்து தோட்டங்களுக்கு வனுவாட்டு, சாலமன் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். ஏமாற்றியும், சிலரைக் கடத்தியும். நம் ஆட்களை ஃபிஜிக்குக் கப்பலேற்றிய அதே காலம், அதே கரும்பு. இன்றைக்கு அந்தத் தீவுக்காரர் சட்டப்படி விசா வாங்கி, விமானத்தில் வந்து, அதே மண்ணில் குனிகிறார். நான் பேக்பேக்கர் என்ற பெயரில் அவர் பக்கத்தில் குனிகிறேன்.

* * *

கூலியைச் சொல்லாமல் எழுதினால் ஆபீஸ் நண்பர்கள் விட மாட்டார்கள். கேஷுவல் வேலைக்கு மணிக்கு முப்பது டாலரை ஒட்டி வரும். நம் ரூபாயில் அப்போது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். வாயைப் பிளக்க வேண்டாம்! கேஷுவல் என்றால் சம்பளத்தோடு லீவு கிடையாது, மழை பெய்தால் கூலி கிடையாது, நாளைக்கு வேலை உண்டா என்பது ராத்திரி எட்டு மணிக்கு எஸ்.எம்.எஸ். வந்தால்தான் தெரியும். அதற்கெல்லாம் நஷ்டஈடாகத்தான் நிரந்தர ஊழியரைவிட 25 சதவிகிதம் கூடுதலாகப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

வரி? அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு தொகை வரை வரியே இல்லை. எங்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவிகிதம். இதற்கு மேல் நம் பி.எஃப். மாதிரி 'சூப்பர்' என்று ஒன்று. முதலாளி தன் பங்காகச் சம்பளத்துக்கு மேல் 12 சதவிகிதம் போடுவார் (2025 ஜூலைக்கு முன்னால் 11.5). ஆஹா என்று சந்தோஷப்பட்டேன். நாட்டை விட்டுப் போகும்போது அதைக் கேட்டால் எங்கள் விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவிகிதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்களாம். அதற்கு ஏன் சூப்பர் என்று பெயர் வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

சுக்கினி முடிந்ததும் தக்காளி. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் ஹாஸ்டலே வேலையும் பிடித்துத் தரும் ஹாஸ்டல். வாரம் 230 டாலர் வாடகை, ஒரு அறையில் எட்டுப் பேர். அங்கே வந்த ஒரு கான்ட்ராக்டர் மணிக்கணக்கு கிடையாது, வாளிக் கணக்குதான் என்றார். எட்டு மணி நேரம் பேய் மாதிரிப் பறித்தேன். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் 96 டாலர். மணிக்குப் பன்னிரண்டு!

"நீ ஸ்லோ" என்றார் கான்ட்ராக்டர்.

நான் க்ளெய்ம் டிபார்ட்மென்ட் ஆசாமி. சின்ன எழுத்தில் அச்சடித்ததைப் படிப்பதுதான் என் பிழைப்பு. ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 2022 ஏப்ரல் 28-லிருந்து சட்டம் மாறியிருக்கிறது. வாளிக் கணக்கில் பறித்தாலும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை செய்தான் என்று எழுதியும் வைக்க வேண்டும். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு வாளியையும், ஆரம்பித்த நேரம், முடித்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்தேன். பக்கத்தில் செல்போனில் படம். ஆறு நாள் ஆனதும் கணக்கைக் காட்டி, "மீதி எங்கே சார்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு வேன்ல இடமில்லை" என்றார். அவ்வளவுதான். சண்டையில்லை, சத்தமில்லை. அடுத்த நாளும் இடமில்லை. வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கிராமப்புறத்தில் மூன்று மாதம் இந்த மாதிரி வேலை பார்த்தால் விசாவை இன்னொரு வருஷத்துக்கு வாங்கலாம். 88 நாள் என்பார்கள். அதற்கு முதலாளியின் சம்பளச் சீட்டு அத்தாட்சியாக வேண்டும். அறையில் எல்லோரும் வாயைத் திறக்காததற்கு அந்த 88-தான் காரணம். நானும் மூன்று ராத்திரி வாயைத் திறக்கவில்லை. கிண்டிக்கே திரும்பிவிடலாமா என்றுகூட டிக்கெட் விலை பார்த்தேன்.

நாலாம் நாள் எழுதினேன். வாளிக் கணக்கின் நகல், சட்டத்தின் தேதி, 'இதன் நகல் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மேனுக்கும் போகிறது' என்று கடைசி வரி. (பெயர் சொல்லாமலேகூட அங்கே தகவல் கொடுக்கலாம். நான் பெயர் போட்டே எழுதினேன். கோபம்!) அந்த ஜெர்மன்காரனும் ஒரு அயர்லாந்துப் பெண்ணும் கொரியப் பெண்ணும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் எங்கள் நாலு பேர் கணக்கிலும் மீதிப் பணம் விழுந்தது. கையெழுத்துப் போடாத மற்றவர்களுக்கு விழவில்லை. அதை நினைத்தால் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

ஹாஸ்டலை மாற்றினேன். புது இடத்தில் பெட்டியை வைத்ததும் கீழ்ப்படுக்கைக்காரன் முதலில் கேட்டது, "எமர்ஜென்சி கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்தாயா?" விழித்தேன். "சில்டர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றான்.

சில்டர்ஸ் அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். சின்ன ஊர். 2000 ஜூன் 23, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அங்கே பழம் பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த பழைய மர ஹாஸ்டல் எரிந்தது. 15 பேர் செத்துப்போனார்கள். இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா... பெரும்பாலும் என் வயதை ஒட்டியவர்கள். வைத்தவன் ஒருத்தன், அவனுக்கு ஆயுள் தண்டனை. ஆனால் புகை அலாரம் வேலை செய்யவில்லை, ஒரு அறையில் ஜன்னலுக்குக் கம்பி, வெளியே போகும் கதவைக் கட்டில் போட்டு மறித்திருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு விசாரணையில் வந்தது. அந்தக் கட்டடத்தை மறுபடி கட்டி நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பெரிய ஓவியம். அவர்கள் வயலில் வேலைக்கு நடுவே இளைப்பாறிக்கொண்டிருக்கிறார்கள். நான் போனபோது அது நடந்து 25 வருஷம் ஆகியிருந்தது.

திரும்பி வந்து எமர்ஜென்சி கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். கீழ்ப்படுக்கைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். தலையைச் சொறியக் கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து அப்பா குரல்.

"ஏன்டா, அது இன்னா கையி?"

"பூனை பிராண்டிடுச்சுப்பா."

"இங்க காட்டு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போன் கிட்டே வந்தார். "பூனை இல்ல இது. கொடி. சுணைக் கொடி."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. அம்மாவைக் கேட்டால், "கழனிக்குப் போயிருக்காருடா" என்றாள். ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன கழனி?

மூன்றாம் நாள் எனக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் போன். அங்கே ராத்திரி பத்தரை. அவருக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

"அந்த ஊர்ல வெள்ளைக்காரனும் குனியறானா?"

"ஆமாப்பா. என்கூட ஒரு டாக்டர் பையன்கூட குனியறான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. அவர்தான் பூட்ஸ் வாங்கிக் குடுத்து அனுப்பினாராம்."

மறுபடி சத்தமில்லை. "கூலி எவ்ளோ?"

"ஆயிரத்து அறுநூறுப்பா."

"நாளைக்கா?"

"மணிக்கு."

நான் அதை அப்படிப் பட்டென்று சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் கழனியில் களை எடுக்கும் பெண்களுக்கு நாளைக்கு 350 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசாங்கம் வைத்த கூலியே 336-தான். அப்பா அதைக் கணக்குப் பார்க்கிறார் என்பது போனிலேயே தெரிந்தது.

"மல்லாட்டை விக்கற வெலைல முந்நூத்தம்பதே கட்டலடா" என்றார், நான் ஏதோ குற்றம் சொன்ன மாதிரி. அப்புறம், "அடுத்து இன்னா வேலை?" என்றார்.

"வள்ளிக்கிழங்கு நடறதுப்பா."

அவ்வளவுதான். தூக்கம் போயிற்று! பண்டபெர்க்தான் ஆஸ்திரேலியாவிலேயே சர்க்கரைவள்ளி அதிகம் விளையும் இடம். டிராக்டருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, கொடித் துண்டை ஒவ்வொன்றாக மிஷினின் பிடியில் வைத்தால் அதுவே நட்டுக்கொண்டு போகும். உட்கார்ந்த வேலை! இதைச் சொன்னதும் அப்பா கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. கொடி எத்தனை கணு? மண்ணுக்குள் எத்தனை போகிறது? பாருக்குப் பார் எத்தனை அடி? மறுநாள் இன்ச் டேப்போடு கழனிக்குப் போன ஒரே பேக்பேக்கர் நான்தான். சூப்பர்வைசர் என்னை அரசாங்க இன்ஸ்பெக்டரோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டார். அதற்கப்புறம் எட்டு மாதத்தில் நாங்கள் பேசிய அளவுக்கு, அப்பாவும் நானும் அதற்கு முந்தைய இருபத்தேழு வருஷத்தில் பேசவில்லை.

ஊர் சுற்றினாயா இல்லையா என்று கேட்பீர்கள். சுற்றினேன். நவம்பர் மாத ராத்திரியில் பண்டபெர்க் பக்கத்து மான் ரெப்போ கடற்கரையில் பெருந்தலை ஆமை கரையேறி முட்டை வைப்பதைப் பார்த்தேன். இருட்டில் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு நின்றேன். தன் எடையை இழுத்துக்கொண்டு மணலில் அது பட்ட பாட்டைப் பார்த்ததும் என் முதல் வார சுக்கினி ஞாபகம்தான் வந்தது.

88 நாள் சேர்ந்துவிட்டது. ஆனாலும் டிசம்பரில் கிளம்பி வந்துவிட்டேன். கைமாற்றை அடைத்தது போக நாலு லட்சத்துச் சொச்சம் மிச்சம். இரண்டாம் வருஷத்துக்குப் போவதா, கிண்டியா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

பொங்கல் கழிந்து கழனியில் களை எடுப்பு. ஐந்து பெண்கள். நானும் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அப்பா வரப்பில் நின்று பார்த்தார். "ஏறுடா மேல" என்று சொல்லவில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து அந்தத் தீவுக்காரர் பாணியில் ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் ஐந்து பேரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியாகப் போன ஆயா திரும்பிப் பார்த்து, "தம்பி, செடிய வுட்டுட்டுக் களைய வெட்டு சாமி!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அப்பா கூலி கொடுத்தார். கடைசி ஆளாக நானும் வரிசையில் நின்றேன். எண்ணி என் கையில் வைத்தார். பார்த்தால் 300.

"எல்லாருக்கும் முந்நூத்தம்பதுதானேப்பா?"

"ஏழு செடிய வெட்டிட்டியே. புடிச்சிக்கினேன்."

ஃபேர் வொர்க்குக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.